ஜெர்மனியில் ஒரு பழைய ஃபவுண்டரியை வாங்கப் போகிறோம். எதைப் பார்க்க வேண்டும்?

பீளமேடு கணக்கர்:

வணக்கம். கோவையில் ஒரு காஸ்டிங் கம்பெனியில் பதினான்கு வருடமாகக் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். பம்ப் பாடி, வால்வு பாடி, கியர்பாக்ஸ் ஹவுசிங் இதெல்லாம் வார்த்து, மெஷின் செய்து அனுப்புகிறோம். பாதிக்கு மேல் ஐரோப்பாவுக்குத்தான் போகிறது.

எங்களிடம் ரொம்ப காலமாகச் சரக்கு வாங்கும் ஒரு ஜெர்மன் குடும்பக் கம்பெனி இப்போது விலைக்கு வந்திருக்கிறது. அவர்களும் ஃபவுண்டரிதான். 110 பேர் வேலை பார்க்கிறார்கள். அதன் முதலாளியான பெரியவருக்கு எழுபது தாண்டிவிட்டது, பிள்ளைகள் யாரும் தொழிலுக்கு வரவில்லை. எங்கள் முதலாளிக்கு வாங்கிவிட வேண்டும் என்று ஆசை. "நம்ம பேர்ல போற சாமானும் அவங்க பேர்ல போற சாமானும் ஒண்ணுதானுங்க, ஆனா விலை மட்டும் வேற" என்கிறார். அது உண்மைதான், இன்வாய்ஸ் போடுகிறவன் நான், எனக்குத் தெரியும்.

கேட்கும் விலை 40 லட்சம் யூரோ. நாங்கள் இங்கே வார்ப்பு அச்சு செய்கிற ஒரு நல்ல மோல்டிங் லைன் போட்டால் ஆகிற செலவைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அவ்வளவு குறைவாக ஏன் கொடுக்கிறார்கள் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. மூன்று வருடத்து பேலன்ஸ் ஷீட்டை என்னிடம் கொடுத்து, படித்துப் பார்த்து அபிப்பிராயம் சொல்லச் சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமை உட்கார்ந்து பேசுகிறோம்.

படிக்கிறபோது ஒரு கேள்வி வந்தது. டாடா ஸ்டீல் 2007-இல் கோரஸ் என்ற ஸ்டீல் கம்பெனியை வாங்கியது. டாடா மோட்டார்ஸ் 2008-இல் ஜாகுவார் லேண்ட் ரோவர் கார் கம்பெனியை வாங்கியது. ஒரே குழுமம், இரண்டும் பிரிட்டனில், ஒரு வருட இடைவெளி. ஒன்று வருடக்கணக்கில் தலைவலியாக இருந்தது, இன்னொன்று சில வருடங்களில் தாய்க் கம்பெனியின் லாபத்தில் பெரும்பகுதியைத் தானே கொடுத்தது. வித்தியாசம் எங்கே இருந்தது? அது தெரிந்தால் நான் எந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்பதும் தெரியும். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஹோசூர் மணி:

விலை குறைவாக வருகிறது என்பதற்காகப் பயப்பட வேண்டாம் சார். சீனாவின் ஜீலி கார் கம்பெனியைப் பாருங்கள். ஃபோர்டு 1999-இல் 645 கோடி டாலர் கொடுத்து வாங்கிய வோல்வோ கார் கம்பெனியை, 2010-இல் ஜீலி சுமார் 150 கோடி டாலருக்கு வாங்கியது. அன்றைக்கு ஐரோப்பாவில் ஜீலி என்றால் யாருக்கும் தெரியாது. டாடா டீ 2000-இல் 27.1 கோடி பவுண்டுக்கு பிரிட்டனின் டெட்லி டீ கம்பெனியை வாங்கியபோதும் சின்ன மீன் பெரிய மீனை விழுங்குகிறது என்றுதான் பேசினார்கள். இரண்டும் நன்றாகத்தான் போயின. ஒரு பேரை நாமே உருவாக்க நாற்பது வருடம் ஆகும். உங்கள் முதலாளி சொல்வதில் அர்த்தம் இருக்கிறது.

சேலத்துக்காரன், சவுத் வேல்ஸ்:

கணக்கர் சார், நான் இருப்பது போர்ட் டால்பட் பக்கம். 2009-இல் இங்கே வந்தேன், கோரஸோடு டாடாவுக்கு வந்த ஸ்டீல் ஆலைக்குள் இன்ஸ்ட்ருமென்ட் வேலை எடுத்துச் செய்யும் ஒரு கான்ட்ராக்டரிடம். அதனால் கோரஸ் பாதியைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன்.

எல்லோரும் ஏலத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். பேசுகிற மாதிரிதான் இருந்தது அது. 2006 அக்டோபரில் டாடா ஸ்டீல் பங்குக்கு 455 பென்ஸ் (நூறு பென்ஸ் ஒரு பவுண்ட்) என்று ஆரம்பித்தது. பிரேசிலின் சிஎஸ்என் ஸ்டீல் கம்பெனி குறுக்கே வந்தது. சிஎஸ்என் 475 என்றது, டாடா 500 என்றது, சிஎஸ்என் 515. கடைசியில் லண்டனில் ஒரே ராத்திரியில் ஒன்பது சுற்று ஏலம் வைத்து முடித்தார்கள். 2007 ஜனவரி 31 விடிகாலையில் டாடா 608, சிஎஸ்என் 603. ஐந்து பென்ஸ் வித்தியாசம். மொத்தம் சுமார் 620 கோடி பவுண்ட், அன்றைய கணக்கில் 1,200 கோடி டாலர். அப்போது டாடா ஸ்டீலின் மேனேஜிங் டைரக்டர் முத்துராமன், மெட்ராஸ் ஐஐடியில் மெட்டலர்ஜி படித்தவர். வருடம் ஐம்பது லட்சம் டன் செய்கிற கம்பெனி, அதைப்போல மூன்று மடங்குக்கு மேல் செய்கிற கம்பெனியை வாங்கியது. அந்தக் காலையில் சேலத்தில் டீக்கடையில் பேப்பர் படித்துவிட்டு நெஞ்சு நிமிர்ந்து நடந்தவர்களில் நானும் ஒருவன். இன்றைக்கும் அந்தப் பெருமையை நான் குறை சொல்ல மாட்டேன்.

455-இலிருந்து 608 போனதில் விலை மூன்றில் ஒரு பங்கு ஏறிவிட்டது. அதுவும் பிரச்சினைதான். அடுத்த வருடமே உலகம் முழுக்க ஸ்டீல் தேவை விழுந்தது, அதுவும் பிரச்சினை. ஜாம்ஷெட்பூருக்குச் சொந்தச் சுரங்கம் இருக்கிறது, இங்கே தாது முழுவதும் கப்பலில் வரவேண்டும், கரண்ட் விலையும் அதிகம். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த காரணங்கள். ஆனால் எனக்குக் கண் திறந்தது பக்கத்து வீட்டுச் சமையலறையில்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் பள்ளிக்கூடம் முடித்ததும் ஆலைக்குள் போனவர், முப்பத்தெட்டு வருடம் தகடு உருட்டும் ஸ்ட்ரிப் மில்லில் இருந்தார். 2017 குளிர்காலத்தில் ஒருநாள் கூப்பிட்டார். மேஜை மேலே ஒரு தடித்த கவர், கண்ணாடி, ஒரு பென்சில். "நீ கணக்குத் தெரிந்தவன், இதைப் படித்துச் சொல்" என்றார். பென்ஷன் கடிதம். கோரஸுக்கு முன்பிருந்த பிரிட்டிஷ் ஸ்டீலின் பழைய பென்ஷன் திட்டம் அப்படியே தொடராது, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று சொல்லியிருந்தார்கள். ஒன்று, புதுத் திட்டம். அதில் வருடா வருடம் ஏறுகிற பணம் முன்பைவிடக் குறைவு. இன்னொன்று, அரசு ஏற்படுத்தியிருக்கும் பாதுகாப்பு நிதி. அதில் போனால், 1997-க்கு முன்பு பார்த்த வேலைக்கான பென்ஷன் ஏறவே ஏறாது. அவர் சர்வீஸில் பெரும்பகுதி 1997-க்கு முன்பு. இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, அவருக்கு எண்பத்தைந்து வயது வரை இரண்டையும் ஒரு தாளில் போட்டுப் பார்த்தோம். புதுத் திட்டத்துக்குக் கையெழுத்துப் போட்டார். அந்த வருடம் சுமார் 8,000 பேர், இரண்டும் வேண்டாம் என்று, ஆலோசகர் பேச்சைக் கேட்டு மொத்தப் பணத்தையும் வெளியே எடுத்தார்கள். நிறையப் பேருக்கு அது தவறான ஆலோசனை. பிறகு 2023-இல் நிதித்துறைக் கண்காணிப்பு அமைப்பு நஷ்டஈட்டுத் திட்டம் கொண்டுவர வேண்டி வந்தது.

அந்தக் கவரில் ஒரு எண் இருந்தது. திட்டத்தில் சுமார் 1,30,000 உறுப்பினர்கள். அதாவது ஆலைகளில் வேலை பார்க்கிறவர்களைப்போலப் பல மடங்கு. நிதியின் அளவு சுமார் 1,500 கோடி பவுண்ட். கோரஸ் கம்பெனிக்காக டாடா ஸ்டீல் கொடுத்த விலை 620 கோடி. அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் பெரிய ஒரு வாக்குறுதியும் கூடவே வந்திருந்தது. அந்த வாக்கைக் கொடுத்தவர்கள் யாரோ, எப்போதோ. பிரிட்டிஷ் ஸ்டீல் அரசுக் கம்பெனியாக இருந்த காலத்தில் கொடுத்தது. நிறைவேற்ற வேண்டியவர் இப்போதைய முதலாளி.

வட்டி விகிதம் இறங்கினால் இந்தச் சுமை என்ன ஆகும் என்று பாருங்கள். இருபது வருடம் கழித்து 100 பவுண்ட் கொடுக்க வேண்டும். வட்டி 5 சதவீதம் என்றால் இன்றைக்கு 38 எடுத்து வைத்தால் போதும். 2 சதவீதம் என்றால் 67 வைக்க வேண்டும். கொடுக்க வேண்டிய தொகை மாறவில்லை, ஆள் கூடவில்லை, ஆனால் பள்ளம் மட்டும் ஆழமாகிவிடுகிறது. 2008-க்குப் பிறகு பிரிட்டனில் நடந்தது இதுதான்.

2016 மார்ச்சில் டாடா ஸ்டீல் பிரிட்டன் தொழிலை விற்கப்போவதாகச் சொன்னபோது, வாங்க நினைத்த எல்லோருக்கும் கண்முன் நின்றது இந்தப் பென்ஷன்தான். ஜெர்மனியின் தைசன்க்ரூப் ஸ்டீல் கம்பெனியோடு இணைவதற்கும் முதலில் இதைப் பிரித்தாக வேண்டியிருந்தது. 2017-இல் 55 கோடி பவுண்ட் பணமும், பிரிட்டன் கம்பெனியில் 33 சதவீதப் பங்கும் பென்ஷன் திட்டத்துக்குக் கொடுத்துத்தான் பிரித்தார்கள். தைசன்க்ரூப் இணைப்பை 2019-இல் ஐரோப்பிய ஆணையம் தடுத்துவிட்டது, அது வேறு கதை.

இப்போது ஜாகுவார் லேண்ட் ரோவர் பக்கம் வாருங்கள். ஃபோர்டுக்கு டாடா மோட்டார்ஸ் கொடுத்தது 230 கோடி டாலர். சாவியைக் கொடுக்கும்போது ஃபோர்டு சுமார் 60 கோடி டாலரை அந்தக் கம்பெனியின் பென்ஷன் திட்டங்களில் போட்டுவிட்டுப் போனது. பழைய வாக்கின் ஒரு பெரிய துண்டை, கொடுத்தவரே தீர்த்துவிட்டார். அதோடு டிசைன் மேஜையில் பாதி முடிந்த வண்டிகளும் வந்தன. 2011-இல் வந்து ஓடிய இவோக் கார், 2008 ஜனவரியிலேயே ஃபோர்டு காலத்தில் டெட்ராய்ட் கண்காட்சியில் மாதிரியாக நின்றதுதான். முதல் வருடம் அங்கேயும் அடி விழுந்தது. 2008-09-இல் டாடா மோட்டார்ஸ் ஒருங்கிணைந்த கணக்கில் 2,500 கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டம். ஆனால் எழுந்து நிற்கத் தரை இருந்தது.

எனவே விலையைப் பார்க்காதீர்கள் சார். முந்தைய முதலாளி யார் யாருக்கு என்னென்ன வாக்குக் கொடுத்திருக்கிறார் என்று கேளுங்கள். பென்ஷன் மட்டுமில்லை. நம்ம அலுமினியக் கம்பெனி ஹிண்டால்கோ 2007-இல் அலுமினியத் தகடு செய்கிற நோவெலிஸை வாங்கியபோது, குளிர்பான டப்பா செய்கிறவர்களுக்கு அலுமினியத் தகட்டை ஒரு விலைக்கு மேல் ஏற்றமாட்டோம் என்று நோவெலிஸ் ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்தது. அலுமினியம் ஏறினால் நஷ்டம் இவர்கள் தலையில். அந்த ஒப்பந்தங்கள் முடியும்வரை பொறுத்திருக்க வேண்டியிருந்தது, முடிந்த பிறகு நன்றாக வந்தது. ஜெர்மன் பெரியவரும் யாருக்காவது மூன்று வருட விலை எழுதிக் கொடுத்திருக்கிறாரா பாருங்கள்.

2024 செப்டம்பர் 30 அன்று போர்ட் டால்பட்டில் தாதுவை உருக்கி இரும்பு எடுக்கும் கடைசி ஊது உலையை நிறுத்தினார்கள். ஐந்தாம் உலையை ஜூலையிலேயே நிறுத்தியாயிற்று, இது நான்காம் உலை. அன்று சாயங்காலம் அபெராவன் கடற்கரைச் சாலையில் நின்றிருந்தேன். இங்கே ராத்திரியில் மேகத்தின் அடிப்பக்கம் ஆரஞ்சாக இருக்கும். பதினைந்து வருடமாகப் பார்த்துப் பழகிய நிறம். என்னோடு பக்கத்து வீட்டுப் பெரியவர் கையைக் கோட்டுப் பையில் விட்டுக்கொண்டு நின்றார். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "பென்ஷன் மட்டும் முதல் தேதி வருகிறது" என்றார்.

இப்போது அங்கே 125 கோடி பவுண்டில், பழைய இரும்பை மின்சாரத்தில் உருக்கும் மின்வில் உலை கட்டுகிறார்கள். அதில் 50 கோடி அரசு தருகிறது.

பீளமேடு கணக்கர்:

அண்ணா, ரொம்ப நன்றி. இரண்டு தடவை படித்தேன். உடனே பேலன்ஸ் ஷீட்டை எடுத்துப் பார்த்தேன். கடன் பக்கத்தில் "பென்ஷன் ஒதுக்கீடு" என்று ஒரு வரி, 23 லட்சம் யூரோ. நான் முதலில் அதை நம்ம கிராஜுவிட்டி ஒதுக்கீடு மாதிரி நினைத்துத் தாண்டிவிட்டேன். சொத்துப் பக்கத்தில் அதற்கு நேராக எந்த நிதியும் இல்லை, டெபாசிட்டும் இல்லை. 23 லட்சத்தை எங்கே வைத்திருக்கிறார்கள்? விலை 40 என்கிறார்கள், அப்படியென்றால் உண்மையில் 63-ஆ?

ஆடிட்டர், மயிலாப்பூர்:

எங்கேயும் வைத்திருக்க மாட்டார்கள். ஜெர்மனியில் இது வழக்கம். கம்பெனி தன் ஊழியருக்கு நேரடியாக பென்ஷன் வாக்குக் கொடுக்கும், தனி நிதி எதுவும் கிடையாது, கணக்கில் ஒதுக்கீடாக மட்டும் நிற்கும். பணம் அந்தந்த மாதம் தொழிலின் வருமானத்திலிருந்து போகும். கம்பெனி திவாலானால் ஊழியரைக் காப்பாற்ற ஒரு காப்பீட்டு அமைப்பு உண்டு, அதற்கும் முதலாளிதான் சந்தா கட்ட வேண்டும்.

63 என்று கூட்டுவது சரியான திசை, ஆனால் 23 என்ற எண்ணை அப்படியே நம்பாதீர்கள். ஜெர்மன் வணிகச் சட்டப்படி இந்தச் சுமையைப் பத்து வருடச் சராசரி வட்டியில் கணக்கிடுவார்கள். இன்றைய சந்தை வட்டியில் போட்டால் வேறு எண் வரும். தவிர, ஓய்வு பெற்றவர்களின் பென்ஷனை விலைவாசிக்கு ஏற்ப ஏற்ற வேண்டுமா என்று முதலாளி மூன்று வருடத்துக்கு ஒருமுறை பரிசீலித்தாக வேண்டும். கடந்த சில வருடம் ஜெர்மனியிலும் விலைவாசி நன்றாக ஏறியது. கடைசிப் பரிசீலனை எப்போது நடந்தது என்று கேளுங்கள். இந்த மாதிரி பென்ஷன் சுமையைக் கணக்கிடும் நிபுணரான, சுயமான ஒரு ஆக்சுவரியை வைத்து மறுபடி கணக்கிடச் சொல்லுங்கள், அந்தச் செலவு பெரிதில்லை.

பங்கை வாங்கினால் கம்பெனியின் பழைய வாக்கெல்லாம் கம்பெனியோடு அப்படியே வரும். "பங்கு வேண்டாம், மெஷினையும் ஆர்டரையும் மட்டும் வாங்குகிறேன்" என்றாலும் ஜெர்மனியில் தப்பிக்க முடியாது. தொழில் கைமாறினால் ஊழியர்களின் வேலை ஒப்பந்தம் உரிமைகளோடு புது முதலாளிக்கு வந்துவிடும், சட்டம் அப்படி. ஏற்கெனவே ஓய்வு பெற்றுவிட்டவர்களின் பென்ஷன் மட்டும் பழையவரிடமே நிற்கும். அந்த ஒரு வித்தியாசத்துக்காகவே இரண்டு வழியையும் போட்டுப் பார்ப்பது நல்லது. அங்கே ஒரு வக்கீல் அவசியம்.

நம்ம பக்கத்து விதிகளையும் பார்த்துவிடுங்கள். 2022 ஆகஸ்ட் முதல் புது வெளிநாட்டு முதலீட்டு விதிகள் நடப்பில் இருக்கின்றன. வெளிநாட்டில் போடுகிற பணம், உங்கள் கம்பெனியின் கடைசியாகத் தணிக்கையான பேலன்ஸ் ஷீட்டின் நிகர மதிப்பைப்போல 400 சதவீதம் வரை ரிசர்வ் வங்கியின் தனி அனுமதி தேவையில்லை. வங்கி மூலம் படிவம் கொடுத்துத் தனி அடையாள எண் வாங்கிய பிறகுதான் பணம் போகும். ஜெர்மன் கம்பெனி வாங்கும் கடனுக்கு நீங்கள் இங்கிருந்து கொடுக்கிற கேரண்டியும் அந்த வரம்புக்குள் சேரும், நிறையப் பேர் இதை மறந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு வருடமும் டிசம்பர் 31-க்குள் அங்கத்திய கம்பெனியின் செயல்பாட்டு அறிக்கை கொடுக்க வேண்டும். 40 லட்சத்தில் எவ்வளவு கடன்?

பீளமேடு கணக்கர்:

25 கடன், 15 கைப்பணம் என்று பேச்சு. கேரண்டி கேட்பார்கள் போலத்தான் இருக்கிறது. முதலாளியின் திட்டம் என்னவென்றால், வார்ப்பு வேலையை மெதுமெதுவாகக் கோவைக்குக் கொண்டுவந்துவிட்டு, அங்கே மெஷினிங்கும் ஃபினிஷிங்கும் மட்டும் வைத்துக்கொள்வது. இங்கே வார்ப்பது விலை குறைவு.

சேலத்துக்காரன், சவுத் வேல்ஸ்:

அந்த மாதிரி யோசித்த ஒருவர் கதையைச் சொல்கிறேன், உங்களுக்கு நேர் எதிர்த் திசையில் யோசித்தவர். தாய்லாந்தின் எஸ்எஸ்ஐ என்ற ஸ்டீல் கம்பெனி. அவர்களுக்கு பாங் சஃபானில் தகடு உருட்டுகிற மில் இருந்தது, உருட்டுவதற்கான கெட்டிப் பாளம், அதாவது ஸ்லாப், செய்ய உலை இல்லை. இங்கிலாந்தின் ரெட்காரில் டாடா ஸ்டீல் 2010-இல் நிறுத்திவைத்த ஆலையை 2011-இல் 46.9 கோடி டாலருக்கு வாங்கினார்கள். 2012 ஏப்ரலில் உலையைத் திரும்பப் பற்றவைத்து, ஸ்லாபைக் கப்பலில் தாய்லாந்துக்கு அனுப்பினார்கள். காகிதத்தில் அழகான திட்டம். ஆனால் முழுத் திட்டமும் ஒரே ஒரு எண்ணின் மேலே நின்றது: வெளியே வாங்கும் ஸ்லாபைவிட நம் ஸ்லாப் மலிவாக இருக்க வேண்டும். சந்தையில் ஸ்லாப் விலை சரிந்தது, திட்டமும் சரிந்தது. 2015 அக்டோபரில் கம்பெனி கலைக்கப்பட்டது, சுமார் 2,200 பேர் வேலை போயிற்று. ஊது உலை ஆறிவிட்டால் அடியில் இரும்பு உறைந்து பாறையாகிவிடும். 2022-இல் அதைத் தகர்த்தார்கள்.

உங்கள் திட்டம் நிற்பது எந்த எண்ணின் மேலே? கோவை வார்ப்புக்கும் ஜெர்மன் வார்ப்புக்கும் உள்ள விலை வித்தியாசம், கப்பல் கட்டணம், யூரோ. இதில் ஒன்று 20 சதவீதம் நகர்ந்தால் என்ன ஆகும் என்று வெள்ளிக்கிழமைக்கு முன் போட்டுவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "மெதுமெதுவாக" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 110 பேரில் வார்ப்புக் கூடத்தில் எத்தனை பேர்? அவர்களிடம் என்ன சொல்லி வாங்கப் போகிறீர்கள்? இங்கிலாந்தின் ஸ்கன்தார்ப் ஸ்டீல் ஆலையை டாடா ஸ்டீல் 2016-இல் ஒரு பவுண்டுக்கு ஒரு முதலீட்டு நிறுவனத்திடம் கொடுத்தது. அது 2019-இல் திவால். 2020-இல் சீனாவின் ஜிங்யே வாங்கியது, பத்து வருடத்தில் 120 கோடி பவுண்ட் போடுவோம் என்றார்கள். கடைசியில் உலைகளை மூடப்போகிறோம் என்றார்கள். 2025 ஏப்ரல் 12, சனிக்கிழமை, பாராளுமன்றத்தை விடுமுறையில் கூட்டி ஒரே நாளில் சட்டம் போட்டு, பிரிட்டிஷ் அரசே நடத்துகிற பொறுப்பை எடுத்துக்கொண்டது. உலை அணையாமல் இருக்க கோக் என்ற சுட்ட நிலக்கரியும் தாதுவும் வந்து சேர வேண்டுமே என்று ஊரே கவலைப்பட்டது. வேலை பார்க்கிறவர்களுக்கு முதலாளி எந்த நாட்டுக்காரர் என்பது பெரிதில்லை. சொன்னதைச் செய்கிறாரா என்றுதான் பார்ப்பார்கள். மூடப்போகிற கூடத்தைத் தொடர்ந்து நடத்துவேன் என்று சொல்லி வாங்காதீர்கள், தயவுசெய்து. அது நீங்கள் புதிதாகக் கொடுக்கிற வாக்கு.

ஆடிட்டர், மயிலாப்பூர்:

அவர் சொன்னதற்குச் சட்டத்திலும் விலை உண்டு. ஒரு பிரிவை மூடினால் அங்கத்திய ஊழியர் குழுவோடு உட்கார்ந்து ஈட்டுத்தொகைத் திட்டம் பேச வேண்டியிருக்கும். சர்வீஸ் வருடத்துக்கு இத்தனை என்று போகும். முப்பது வருடம் இருந்தவர்கள் அதிகம் என்றால் அது பென்ஷன் வரிக்குச் சமமாகக்கூட வரலாம். விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பீளமேடு கணக்கர்:

வெள்ளிக்கிழமைப் பேச்சு முடிந்தது, சொல்லிவிட்டுப் போகிறேன். 40 என்ற விலையை எழுதி, அதன் கீழே பென்ஷன் 23, மூடும் செலவு தெரியாது, கேரண்டி 25 என்று ஒரே தாளில் எழுதிக் காட்டினேன். முதலாளி ரொம்ப நேரம் அந்தத் தாளையே பார்த்தார். "பெருசுகிட்ட நேராக் கேட்டுரலாம்" என்று ஜெர்மனிக்கு அங்கேயே போன் போட்டார்.

அந்தப் பெரியவர் மறைக்கவே இல்லை. திங்கட்கிழமை பட்டியல் மெயிலில் வந்துவிட்டது. பென்ஷன் வாங்குகிறவர்கள் 61 பேர், அதில் 19 பேர் இறந்துபோன ஊழியர்களின் மனைவிமார். மூத்தவருக்கு 93 வயது, மாதம் 212 யூரோ. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எந்தக் கூடத்தில் வேலை செய்தார் என்று பெரியவர் தன் கையாலேயே எழுதியிருக்கிறார். முதலாளி பிரின்ட் எடுத்து முழுவதும் படித்தார். வார்ப்புக்கு உள் அச்சு செய்கிற கோர் ஷாப்பில் இருந்த மூன்று பேரைத் தனக்குத் தெரியும் என்றார், முதல் தடவை போனபோது சாப்பாடு வாங்கிக் கொடுத்தார்களாம்.

ஆக்சுவரிக்குச் சொல்லியாயிற்று, மூன்று வாரம் கேட்கிறார். அதுவரை விலை பேச வேண்டாம் என்று முடிவு. அண்ணா, வார்ப்புக் கூடத்தில் 46 பேர். அந்தக் கணக்கைத்தான் இப்போது போட்டுக்கொண்டிருக்கிறேன்.